சேர் சார்ள்ஸ் ஷெரிங்டன் (1857 – 1952)

மாணவர்களே, தலையை அசைக்காமல் கண்களை மட்டும் வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வலக்கண்ணின் வெளிப்பக்கத் தசையும் இடக்கண்ணின் உட்பக்கத் தசையும் சுருங்கியதால் இரு கண்களும் ஒன்றாகத் திரும்பின. அவ்வேளையில் அவற்றுக்கு எதிரான தசைகள் வெறுமனே இழுபட்டனவா? அல்லது தளரும்படி அவற்றுக்கும் கட்டளை போனதா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஷெரிங்டன்.

இவர் 1857 நவம்பர் 27 இல் இலண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் உடற்றொழிலியல் கற்றார். 1895 இல் லிவர்பூலில் பேராசிரியரானார். 1913 முதல் 1935 வரை ஒக்ஸ்போர்டில் கடமையாற்றினார்.

ஒவ்வொரு கண்கோளத்தையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றுக்கான இயக்க நியூரோன்களின் கலவுடல்கள் மூளைத்தண்டில் உள்ளன. வெளிப்பக்க நேர்த்தசைக்கு 6 ஆம் மண்டையோட்டு நரம்பும், மேற்சரிவுத் தசைக்கு 4 ஆம் நரம்பும் செல்கின்றன. எஞ்சிய நான்கையும் 3 ஆம் நரம்பே கவனிக்கிறது. 6 ஆம் நரம்பு பழுதுற்றால் அக்கண் மூக்குப்பக்கம் சாய்ந்துவிடும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும்.

1890களில் ஷெரிங்டன் செய்த பரிசோதனையைக் கவனமாக வாசியுங்கள். குரங்கின் மீது செய்தது என்பதால் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். அவர் குரங்கின் இடக்கண்ணுக்குச் செல்லும் 3 ஆம், 4 ஆம் நரம்புகளை வெட்டினார். இப்போது அக்கண்ணில் வெளிப்பக்க நேர்த்தசை மட்டுமே வேலை செய்தது. எனவே கண் இடப்பக்கம் திரும்பியபடி நின்றது. பின்னர் கண்களை வலப்பக்கம் திருப்பும் மூளைய மேற்பட்டைப் பகுதியை மின்னால் தூண்டினார். வலக்கண் வலப்பக்கம் திரும்பியது. அதில் வியப்பில்லை. ஆனால் இடக்கண்ணும் நடுக்கோடு வரை வந்தது! அதனை வலப்பக்கம் இழுக்க நரம்புள்ள தசை ஒன்றுகூட இல்லையே?

ஒரே விடைதான் பொருந்தும். வெளிப்பக்கத் தசை தளர்ந்தது. கண் தானாக நடுவுக்கு வந்தது. அதாவது ஒரு தசையைச் சுருக்கும் அதே வேளையில் எதிர்த்தசையைத் தளர்த்தவும் நரம்புத்தொகுதி கட்டளையிடுகிறது. இதுவே பரஸ்பர நரம்பூட்டம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எலும்புத் தசையையோ கண் தசையையோ சென்றடையும் இயக்க நியூரோனுக்கு அதனைச் சுருக்க மட்டுமே தெரியும். ஆகவே தளர்த்தும் கட்டளை தசைக்கு நேரே வருவதில்லை. அந்த நியூரோனுக்கு வந்து அதனை அடக்குகிறது. தூண்டும் செய்தி, அடக்கும் செய்தி எல்லாம் வந்து சேர்ந்து தீர்மானமாகும் இடம் இயக்க நியூரோனே. அதனை ஷெரிங்டன் இறுதிப் பொதுப்பாதை என்றார். நீங்கள் தெறிவில் வரையும்போது முழங்கையில் இருதலைத் தசை சுருங்குவதை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். முத்தலைத் தசை அடக்கப்படுவதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நியூரோன்கள் சந்திக்கும் இடத்துக்கு 1897 இல் சினாப்சு எனப் பெயர் வழங்கக் காரணமானவரும் இவரே. நாம் நரம்பிணைப்பு என்கிறோம். நரம்புத்தொகுதியின் ஒருங்கிணைப்புச் செயல் பற்றிய இவரது நூல் 1906 இல் வெளிவந்தது.

1915 இல், யுத்த காலத்தில், களைப்பு பற்றி ஆராய்வதற்காக 57 வயதில் பேர்மிங்ஹாமில் எறிகணைத் தொழிற்சாலையொன்றில் சாதாரண தொழிலாளியாக வேலை செய்தார். 1925 இல் கவிதை நூலொன்றும் வெளியிட்டார். கலைப்பிரிவில் படித்த எனக்கு இவரைப் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண் பரிசோதனைக்குப் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1932 இல், எட்கார் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்போது வயது 75. முதுமையில் மூட்டுவாதம் வருத்தியது. 1952 மார்ச் 4 இல் ஈஸ்ட்போர்னில் காலமானார்.

அடக்கும் செய்தி நியூரோனுக்குள் என்ன மின் மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதை அதே காலப்பகுதியில் நுண்மின்வாயால் அளந்து காட்டியவர் இவரது மாணவர் ஜோன் எக்கிள்ஸ். அவருக்கு 1963 இல் நோபல் பரிசு கிடைத்தது.