தொழிலாளர் மருத்துவர் ரமத்சீனி

நாடாண்ட மன்னரையும் படை நடத்திய தலைவரையும் சரித்திரம் எளிதில் மறப்பதில்லை. ஆனால், பிறர் வாழ உழைத்துத் தம் உடல் தேய்ந்த தொழிலாளரையும், அவர்தம் நோயைக் கேட்டறிந்து எழுதிவைத்த சான்றோரையும் நினைப்பார் மிகச் சிலரே. அத்தகைய சான்றோருள் தலைசிறந்தவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தீனோ ரமத்சீனி என்பார். அவர் வரலாற்றை எழுதுமாறு அடியேனைத் தூண்டியது எங்கள் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. அதனை முதற்கண் கூறி, அப்பால் அவர் வரலாற்றிற்குச் செல்வேன்.

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த காவேரிப்பட்டினம் அடியேன் பிறந்து வளர்ந்த ஊர். பொழுது புலருமுன்னரே கிருஷ்ணகிரி வழியாக ஓசூர்த் தொழிற்பேட்டைக்குச் சென்று, இரவில் மீள்வோர் எங்கள் ஊரில் உளர். என் பெரிய தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகள் அங்ஙனம் சென்று வந்தவர். இரும்புத் தகட்டை அடித்து வெட்டும் எந்திரத்தின் அருகில் நின்று உழைத்தவர். ஐம்பது வயது நிரம்புமுன்னரே அவருக்குச் செவிப்புலன் குன்றிற்று. மருத்துவர் சிலரை நாடினோம். அவர்கள் வயதைக் கேட்டனர். சளி பிடித்ததுண்டோ என்று கேட்டனர். குடும்பத்தில் செவிடர் உளரோ என்றும் கேட்டனர். அவர் செய்யும் தொழில் யாது என்று ஒருவரேனும் கேட்டிலர். கேளாத அந்த வினாவையே முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மருத்துவ உலகிற்குக் கற்பித்தவர் ரமத்சீனி.

அவர் பிறந்தது வட இத்தாலியில் மொதேனா நகரை அடுத்த கார்ப்பி என்னும் சிற்றூரில், ஆண்டு 1633. இளமையில் இயேசு சபைக் குருமாரிடம் கல்வி பயின்று, பின்னர்ப் பார்மா நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்து, தத்துவமும் மருத்துவமும் கற்று, 1659-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் ரோமாபுரி சென்று முதிர்ந்த மருத்துவர் ஒருவரிடம் பழகி, அந்நகருக்கு வடக்கேயுள்ள சிற்றூர்களில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். அப்பகுதியில் பரவியிருந்த முறைக்காய்ச்சல் மருத்துவரையும் விட்டுவைக்கவில்லை. நோயுற்று மெலிந்த அவர் தம் ஊருக்கே மீண்டார். உடல் தேறிய பின் 1671-இல் மொதேனா நகரிற் குடியேறினார்.

அந்நாட்டுக் கோமகன் இரண்டாம் பிரான்செஸ்கோ மொதேனாவின் பல்கலைக்கழகத்திற்குப் புத்துயிர் அளித்தபோது, 1682-இல், ரமத்சீனி அங்கே மருத்துவப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். 1690-ஆம் ஆண்டில் நாட்டுப்புறத்தைப் பீடித்த கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்து எழுதினார். மொதேனாவின் ஊற்றுக் கிணறுகளைப் பற்றி 1691-இல் நூல் ஒன்று வெளியிட்டார். காற்று, நீர், நிலம் ஆகியவற்றிற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடிய அவர் மனத்தை வேறொரு தொடர்பின்பால் திருப்பியது எளிய சம்பவம் ஒன்றே.

மொதேனாவில் மக்கள் நெருங்கி வாழ்ந்தமையின், வீட்டுக் கழிவுக் குழிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை துப்புரவு செய்வது வழக்கம். அவ்வேலை ரமத்சீனியின் இல்லத்தில் நடைபெற்றபோது, குழிக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவன் மூச்சுவிடவும் பொழுதின்றி விரைந்து உழைப்பதை அவர் கண்டார். இரக்கமுற்று, இத்துணை வேகம் எதற்கு, சற்றே இளைப்பாறலாகாதோ என வினவினார். அக்குழியில் நான்கு நாழிகையன்று, நான்கு மணி நேரத்திற்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்று அவன் விடை பகர்ந்தான். அவன் வெளியே வந்ததும் அவன் கண்களை உற்றுநோக்கினார். அவை சிவந்து கலங்கியிருந்தன. அத்தொழில் செய்து பார்வை இழந்தோர் பலர் நகரில் பிச்சையெடுத்துத் திரிவதையும் பின்னர்க் கண்டறிந்தார். நெடுநாள் நூல்களைக் கற்ற பேராசிரியருக்கு அன்று ஆசானாக விளங்கியவன் கழிவுக்குழி தோண்டியவனே.

அன்று முதல் ரமத்சீனி பட்டறைகளையே தம் பள்ளியாகக் கொண்டார். குயவர், கண்ணாடி செய்வோர், சாயம் ஏற்றுவோர், கொல்லர், தோல் பதனிடுவோர் முதலியோரிடம் நேரிற் சென்று, அவர் அமரும் நிலையையும், கையாளும் பொருளையும், மூச்சிற் புகும் தூசியையும் கவனித்தார். நோயாளியைக் காணும் மருத்துவன் கேட்கத்தக்க வினாக்களைக் கிரேக்க மருத்துவ முதல்வரான ஹிப்போகிரட்டீஸ் பண்டே வகுத்திருந்தார். அவற்றோடு, நீ செய்யும் தொழில் யாது என்னும் வினா ஒன்றனையும் சேர்த்தல் வேண்டும் என்று ரமத்சீனி வற்புறுத்தினார். ஏழையின் குடிலுக்குச் செல்லும் மருத்துவன் நாடி பார்த்தவுடன் எழுந்து போகாமல், அங்குள்ள முக்காலியிலேனும் பொறுமையுடன் அமர்ந்து அவன் கூறுவதைக் கேட்கவேண்டும் என்பதும் அவர் கருத்து.

இவ்வாறு திரட்டிய அறிவெல்லாம் 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றிய இலத்தீன் நூலாக மொதேனாவில் அச்சேறியது. நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதில் ஆராயப்பட்டன. ஈயப் பூச்சினால் குயவர் கை நடுங்குவதும், பாதரசப் புகையினால் பொன்முலாம் பூசுவோர் நலிவதும் அதிற் காணலாம். அதே ஆண்டில் வெனீசுக் குடியரசு அவரைப் பதுவா நகரத்துப் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு அகவை அறுபத்தேழு. பலர் ஓய்வை நாடும் அப்பருவத்திலும் அவர் பட்டறைகளை மறந்தாரில்லை. 1713-இல் மேலும் பன்னிரண்டு தொழில்களைச் சேர்த்து நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.

பின்னர்ச் சேர்க்கப்பட்ட அத்தொழில்களுள் ஒன்று செப்புப் பாத்திரம் அடிக்கும் கன்னார் தொழில். வெனீசு நகரில் கன்னார் அனைவரும் ஒரு பகுதியில் ஒருங்கே வாழ்ந்தனர். விடிந்தது முதல் செப்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டேயிருப்பர். அவ்வொலியைப் பொறாது மற்றையோர் அப்பகுதியில் வீடு கொள்ளவும் அஞ்சினர். நாள்தோறும் அப்பேரொலி தாக்குவதனால் கன்னார் முதலிற் காது மந்தமாகி, முதுமையில் முழுச் செவிடராவர் என்று ரமத்சீனி எழுதினார். நைல் நதி அருவிகளின் அருகில் வாழ்வோர் நீரின் முழக்கத்தால் செவிடாவதை அதற்கு உவமை காட்டினார். எந்திரக்கல்லின் ஓசையிலும் நீர்ச்சக்கரத்தின் இரைச்சலிலும் வாழும் மாவரைப்போருக்கும் இக்கேடு நேர்வதை அவர் குறித்துள்ளார். காதிற் பஞ்சு செருகிக்கொள்ளுமாறு கன்னாருக்கு அறிவுரை கூறினார்.

செவிப்பறை தளர்ந்துவிடுவதே இதற்குக் காரணம் என அவர் எண்ணினார். அது முற்றும் சரியன்று. உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பினுள் இருக்கும் நுண்ணிய அமைப்பை 1851-இல் விளக்கிக் காட்டியவர் அல்போன்சோ கோர்த்தி என்னும் மற்றோர் இத்தாலியர். அவ்வமைப்பிலுள்ள மயிரணுக்களே ஒலியின் அதிர்வை நரம்பிற்கு உணர்த்துவன. பேரொலி இவற்றைச் சிதைக்கின்றது. சிதைந்தவை மனிதரிடத்து மீண்டும் வளர்வதில்லை. முதலில் உயர்ந்த சுருதி ஒலிகளே கேளாமற் போகின்றன. ஆதலின் தொழிலாளி தன் குறையை நெடுநாள் அறியான். பேச்சு காதில் விழுகின்றது, சொல் விளங்கவில்லை என்பான். 85 டெசிபெல் அளவுள்ள ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஆண்டுக்கணக்கில் உழைப்பின் இக்கேடு வரக்கூடும் என்பது இன்றைய அறிவு. பஞ்சு மட்டும் போதாது, ஒலியைத் தடுக்கத்தக்க செவியடைப்பான் வேண்டும் என்பதும் இன்று தெளிந்தது. காரணத்தில் தவறினும், நோய் தொழிலிலிருந்து வருகின்றது என்ற மூல உண்மையில் ரமத்சீனி தவறவில்லை.

செவியைப் போன்றே குரலையும் அவர் கருதினார். குரல் பயிற்றுவோர், பாடகர், பிரசங்கிகள், வழக்குரைப்போர், உரத்து வாதிடும் ஆசிரியர் ஆகியோரின் நோய்களுக்கென அவர் நூலில் ஓர் அதிகாரம் உண்டு. மூச்சையடக்கி உரத்த குரல் எழுப்புவதனால் தொண்டை கம்முவதும், சிலருக்குக் குடலிறக்கம் உண்டாவதும் அதிற் சொல்லப்பட்டன. சுத்தியல் பிடிப்பவனுக்குக் கை எவ்வாறோ, அவ்வாறே இவர்களுக்குக் குரல் ஒரு கருவி என்பதை அவர் உணர்ந்திருந்தார். குரல்நாண்களை உயிருள்ள மனிதரிடத்துக் காணும் வசதி அவர் காலத்தில் இல்லை. 1854-இல் மானுவேல் கார்சியா என்னும் ஸ்பானிய இசையாசிரியர் சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து அவற்றின் அசைவைக் கண்டார். பேசும்பொழுது அவை ஒரு விநாடிக்கு நூறு முதல் இருநூறு முறைக்கு மேலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓய்வின்றி உரத்துப் பேசுவோருக்கு அவை வீங்கிக் காய்ப்புப் போன்ற சிறு முடிச்சுக்கள் தோன்றும்.

செவிநோயும் குரல்நோயும் ஒரே இடத்திற் பிறப்பனவும் உண்டு. இரைச்சலின் நடுவே நிற்பவன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகின்றான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911-இல் இதனை விளக்கினார். ஆகவே இரைச்சல் மிக்க தொழிற்கூடத்தில் மேற்பார்வை செய்பவன் செவியையும் குரலையும் ஒருங்கே இழக்கின்றான். நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளியில் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நாள் முழுதும் பாடம் சொல்லும் ஆசிரியையின் நிலையும் ஏறக்குறைய இஃதே.

முதுமையில் ரமத்சீனியின் கண்ணொளி மங்கிற்று. ஆயினும் பாடம் சொல்லுதலை அவர் விட்டாரல்லர். 1714-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், மாணவர்க்கு விரிவுரை நிகழ்த்த ஆயத்தமாயிருந்த வேளையில் மூளையில் நோய் கண்டு உயிர் துறந்தார். அப்போது அவருக்கு அகவை எண்பத்தொன்று.

அவர் விதைத்த வினா மெல்லவே முளைத்தது. 1886-இல் கிளாஸ்கோ நகரத்துத் தாமஸ் பார் என்னும் மருத்துவர் கொதிகலம் செய்யும் நூறு தொழிலாளரின் செவியைச் சோதித்தார்; அவருள் ஒருவருக்கேனும் குறைவற்ற செவிப்புலன் இல்லை. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசினர்க்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் இரைச்சலால் வரும் செவிக்கேடும் இடம் பெற்றது. தொழில்நோய் ஆராயும் அறிஞர் 1982-இல் நிறுவிய சங்கம் ஒன்று ரமத்சீனியின் பெயரைத் தாங்கி, அவர் பிறந்த கார்ப்பி நகரைத் தலைமையிடமாகக் கொண்டது.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, பெரிய தந்தையாரின் அருகில் அமர்ந்து, அவர் வேலை செய்த இடத்தைப் பற்றி உரத்த குரலில் வினவினேன். எந்திரம் ஒருமுறை இறங்கும்போது தரை நெஞ்சுவரை அதிர்ந்ததையும், பக்கத்தில் நின்றவனோடு கைச் சைகையாலேயே பேசியதையும், வீடு திரும்பிய பின்னும் இரவு முழுதும் காதில் சீழ்க்கை ஒலித்ததையும் அன்று மாலை முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். இவற்றை அதற்குமுன் அவர் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லுமாறு எவரும் கேட்டதும் இல்லை. மருத்துவர் கேட்கவில்லை என்று குறை கூறிய அடியேனும், அவர் ஈட்டிய பொருளில் படித்துக்கொண்டே, பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்டேனில்லை. போன செவி இனி மீளாது. எனினும், பேசி முடித்தபின் அவர் முகத்தில் ஒரு தெளிவு தோன்றிற்று.

நம் கல்லூரி மாணவருள் ஆசிரியராவோர் பலர். மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் தொழிற்கூட அதிகாரிகளாகவும் ஆவோர் சிலர். ஆசிரியராவோர் தம் குரலைப் பேணுவாராக. ஏனையோர், தம்மை நாடி வரும் எளியவரிடம், நீ செய்யும் தொழில் யாது என்னும் வினாவை முதலிற் கேட்பாராக. கேட்டபின், விடை வரும்வரை அமர்ந்திருப்பாராக. ரமத்சீனிக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.