ஓஸோனை அளந்த டாப்ஸன்

சென்ற மாதம் பரிசோதனைச் சாலையில் நான் எடுத்த இருபது அளவுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. கருவியின் பிழையாக இருக்கும் என்று எண்ணி அதை அடித்துவிட்டேன். வரைகோடு அழகாக அமைந்தது. மனம் மட்டும் உறுத்திற்று. அந்த உறுத்தலோடு இருந்த நாட்களில்தான் கோர்டன் டாப்ஸன் என்னும் ஆங்கில விஞ்ஞானியின் வரலாற்றைப் படித்தேன். படித்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

டாப்ஸன் 1889-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்கே விண்டர்மியர் ஏரிப் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பௌதிகம் பயின்றவர், அந்த ஏரியின் நீர் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கித் தொட்டில்போல் ஆடுவதை அளந்து, 1911-இல் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் விமானப் பயிற்சிப் பள்ளியில் வானிலை ஆராய்ச்சி செய்தார். முதல் உலகப்போர் முடிந்தபின், 1920-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார்.

அங்கே லிண்டெமன் என்ற பேராசிரியருடன் சேர்ந்து அவர் எரிகற்களை ஆராய்ந்தார். ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு மேலே போனால், எவ்வளவு உயரம் சென்றாலும் ஒரே குளிர்தான் என்று அக்காலத்தில் நம்பினார்கள். எரிகற்கள் ஒளிவிட்டு மறையும் உயரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 50 கிலோமீட்டருக்கு மேலுள்ள காற்று எண்ணியதைவிட மிகவும் வெப்பமானது என்று தெரிந்தது. அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? சூரியனின் புற ஊதாக் கதிர்களை ஓஸோன் விழுங்குவதால் வந்திருக்கலாம் என்று இருவரும் ஊகித்தனர். ஊகத்தைச் சோதிக்க வேண்டுமானால் ஓஸோனை அளக்கவேண்டும். டாப்ஸனின் வாழ்நாள் வேலை அன்று தொடங்கிற்று.

ஓஸோன் என்பது மூன்று அணுக்கள் சேர்ந்த பிராணவாயு. நம் தலைக்கு மேலுள்ள ஓஸோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால், அதன் கனம் சராசரி 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த மெல்லிய போர்வைதான் புற ஊதாக் கதிர்களின் கொடுமையிலிருந்து உயிர்களைக் காக்கிறது. எட்டாத உயரத்தில் உள்ளதைத் தரையில் நின்று அளக்க டாப்ஸன் கண்ட வழி எளியது. சூரிய ஒளியைப் பிரித்து, இரண்டு கதிர்களைத் தேர்ந்துகொள்வார். ஏறத்தாழ 305 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை ஓஸோன் மிகுதியாக விழுங்கும். 325 நானோமீட்டர்க் கதிரைச் சிறிதளவே விழுங்கும். இரண்டும் தரைக்கு வந்துசேரும் விகிதத்தைக் கொண்டு, இடையிலுள்ள ஓஸோனைக் கணக்கிடலாம்.

1924-இல் ஆக்ஸ்போர்டுக்கு அருகே தம் வீட்டிலேயே முதல் கருவியை அவர் அமைத்தார். 1926-இல் ஐரோப்பாவின் பல இடங்களுக்கு இத்தகைய கருவிகள் சென்றன. பிறகு அவற்றை உலகெங்கும் பரப்பினார். கலிபோர்னியா, எகிப்து, நியூஸிலாந்து ஆகியவற்றோடு 1928-இல் கருவி சென்ற மற்றோர் இடம் நம் கோடைக்கானல்! தமிழ்நாட்டை விட்டு வெகுதூரம் வந்து படிக்கும் எனக்கு, அந்தப் பெயரைக் கண்டபோது அயலூரில் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்ததுபோல் இருந்தது. வெப்ப நாடுகளின் மேல் ஓஸோன் குறைவு, ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை என்பதைக் காட்டியவற்றுள் கோடைக்கானல் அளவுகளும் உண்டு. துருவங்களை நோக்கிப் போகப்போக அது மிகுந்து, வசந்தத்தில் உச்சமடைகிறது.

1957-58 சர்வதேசப் புவிபௌதிக ஆண்டை ஒட்டித் தென்துருவக் கண்டத்தின் ஹாலி விரிகுடாவில் டாப்ஸன் கருவி ஒன்று நிறுவப்பட்டது. அங்கு வசந்த காலத்தில், எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 150 அலகு குறைவாக ஓஸோன் இருப்பதாகக் கருவி சொல்லிற்று. 100 அலகு என்றால் ஒரு மில்லிமீட்டர் கனம். டாப்ஸன் முதலில் கருவியையும் அளந்தவரையும்தான் சந்தேகித்தார். ஆனால் அளவை அடித்துவிடவில்லை. நவம்பரில் ஓஸோன் திடீரென உயர்ந்து, எதிர்பார்த்த நிலைக்கு வந்தது. மறு ஆண்டும் அப்படியே நிகழ்ந்தது. கருவி சொன்னது உண்மை. தென்துருவத்தின் காற்றுச் சுழல் வசந்தத்திலும் கலையாமல் நிற்பதே காரணம் என்று ஒப்புக்கொண்டார். சந்தேகப்படுவது விஞ்ஞானியின் கடமை. ஆனால் சந்தேகம் வேறு, அழிப்பது வேறு.

1950-இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் வீட்டிலிருந்தபடியே ஓஸோனை ஆராய்ந்து வந்தார். 1976-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் காலமானார். தம் உழைப்பின் பெரும்பயனை அவர் காணவில்லை. 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூவர் ஹாலியின் அளவேடுகளை ஆராய்ந்து, அக்டோபர் மாதத்தில் 300 அலகளவில் இருந்த ஓஸோன் 200-க்கும் கீழே இறங்கிவிட்டதை உலகுக்கு அறிவித்தார்கள். 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 என்ற செயற்கைக்கோளும் மேலிருந்து இதைக் கண்டிருந்தது. ஆனால் 180-க்குக் குறைந்த அளவுகளை அதன் கணக்கு முறை சந்தேகத்துக்குரியவை என்று குறித்து வைத்திருந்தது. அவை அழிக்கப்படாமல் இருந்ததால்தான், 1986-இல் அந்தப் பள்ளம் முழுவதையும் அதன் அளவுகளைக் கொண்டு காட்ட முடிந்தது. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரின் கலந்த வாயுக்களே குற்றவாளி என்ற சந்தேகம் வலுத்து, 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை ஏற்பட்டது.

செயற்கைக்கோள் ஒரே நாளில் உலகமெல்லாம் பார்த்துவிடுகிறது. தரைக்கருவியோ தன் தலைக்கு மேலே மட்டும் பார்க்கிறது. ஆனாலும் விண்ணில் நாளடைவில் மங்கும் கருவியைச் சரிபார்க்கத் தரைக்கருவி இன்றும் தேவைப்படுகிறது. முப்பது ஆண்டு முன்பு எழுதிவைத்த ஓர் எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட முடிவதே அதன் பெருமை. பனியில் நின்று அன்றாடம் ஓர் எண்ணைக் குறித்தவர்களுக்கு, அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

இதைப் படித்து முடித்த மறுநாள் நான் என் குறிப்பேட்டைத் திறந்து, அடித்த எண்ணை மீண்டும் எழுதினேன். அதே சோதனையை இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் பொருந்தாத அதே எண்தான் வந்தது. காரணம் இன்னும் விளங்கவில்லை. வரைகோடு இப்பொழுது அழகாக இல்லை. ஆனால் மனத்தில் உறுத்தலும் இல்லை.