இரு தவளை இதயங்கள்

பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. அது அகன்றதும் அடங்குகிறது. நரம்பு தன் செய்தியை இதயத்திற்கு எவ்வாறு சொல்கிறது? மின்சாரமாகவே சொல்கிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்றியவர் ஓட்டோ லோவி.

இவர் 1873-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கலை வரலாறு கற்க விரும்பிய இவரை வீட்டார் மருத்துவம் பயில வைத்தனர். மருத்துவமனையில் காசநோயாளர் மருந்தின்றி மடிவதைக் கண்டு மனம் நொந்து, மருந்தியல் ஆராய்ச்சியில் இறங்கினார். 1909-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியரானார்.

1920-ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய இரவு. உறக்கத்தில் ஒரு சோதனை இவர் மனத்தில் தோன்றியது. எழுந்து ஒரு தாளில் கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் பார்த்தால், தம் கையெழுத்து தமக்கே விளங்கவில்லை! மறுநாள் இரவும் அதே எண்ணம் வந்தது. இம்முறை தாமதிக்காமல் ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார்.

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்க வைத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மந்தமாயிற்று. அதைச் சூழ்ந்திருந்த நீரை மற்ற இதயத்திற்கு ஊற்றினார். நரம்பே தொடப்படாத அந்த இதயமும் மந்தமாயிற்று! விரைவுபடுத்தும் நரம்பைத் தூண்டி எடுத்த நீரோ துடிப்பை விரைவுபடுத்தியது. நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே பேசுகிறது என்பது புலனாயிற்று. மந்தப்படுத்துவது அசிட்டைல்கோலின், தவளையில் விரைவுபடுத்துவது அட்ரினலின். 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார்.

1938 மார்ச்சில் நாஜிப் படை ஆஸ்திரியாவில் புகுந்தது. அன்றிரவே லோவியும் இரு புதல்வரும் சிறையிலிடப்பட்டனர். உயிர் தப்பாது என்று எண்ணிய வேளையிலும், தம் இறுதி ஆய்வு முடிவு அழிந்துவிடக் கூடாதே என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினார். அதன் பின்னரே அவர் மனம் அமைதியுற்றது. நோபல் பரிசுப் பணத்தையும் நாஜிகளிடம் பறிகொடுத்து நாட்டைவிட்டு வெளியேறினார். 1940-இல் நியூயார்க் சென்று, 1961 டிசம்பர் 25 அன்று அங்கேயே மறைந்தார்.

மூளையிலும் இத்தகைய இரசாயனத் தூதர்கள் பலர் உண்டு. 1957-இல் ஸ்வீடன் நாட்டு அர்வித் கார்ல்சன், ரெசர்பின் என்னும் மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா கொடுத்தார். அவை மீண்டும் நடமாடின. உடலில் எல்-டோபா டோபமின் ஆக மாறுகிறது. டோபமினும் அசிட்டைல்கோலினும் மூளையில் சமநிலை இழந்தால் மனிதருக்கும் கை நடுங்கும், உடல் விறைக்கும். பார்க்கின்சன் நோயாளருக்கு இன்றும் எல்-டோபா உதவுகிறது.

தோழியரே! மங்கிய கையெழுத்தால் ஒருமுறை நழுவவிட்ட உண்மையை மறுமுறை அவர் விடவில்லை, சிறையிலும் விடவில்லை. நாமும் நல்லெண்ணம் தோன்றும்போதே எழுந்து செயலாற்றுவோமாக!