விரியனுக்குப் பெயர் தந்த பாட்ரிக் ரஸ்ஸல்

கண்ணாடி விரியனை நம் பாடநூல்கள் ரஸ்ஸல் விரியன் என்று குறிக்கின்றன. அந்த ரஸ்ஸல் யார் என்று தேடப் போனேன். எங்கள் வீட்டுக் கதையும் இதில் சேர்ந்துகொண்டது.

பாட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த மருத்துவர். சிரியாவின் அலெப்போ நகரில் ஏறத்தாழ இருபதாண்டுகள் பணியாற்றி, 1760 முதல் 1762 வரை அங்கே மக்களை வாரிச்சென்ற பிளேக் நோயை நேரில் கண்டவர். 1781-இல் சகோதரருடன் இந்தியா வந்து விசாகப்பட்டினத்தில் தங்கினார். 1785-இல் கோனிக் என்ற தாவரவியலார் மறையவே, கிழக்கிந்தியக் கம்பெனி அவர் வகித்த பதவியை ரஸ்ஸலுக்கு அளித்தது. செடிகொடிகளை ஆராயும் வேலை. அவர் மனமோ பாம்புகளிடம் சென்றது. நஞ்சுள்ளது எது, அற்றது எது என்று மக்களுக்குப் பிரித்துக் காட்ட விரும்பினார். பல்லையும் செதிலையும் பார்த்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு விளைவைக் குறித்துவைத்தார். (கோழிக்காக வருந்துவோர் வருந்தலாம்!) கண்ணாடி விரியனை நல்ல பாம்புக்கு அடுத்த கொடியதாக வைத்தார்.

அந்நாளில் தஞ்சாவூர் மாத்திரை என்றொன்று பாம்புக்கடிக்குப் பெயர் பெற்றிருந்தது. பாஷாணம் கலந்தது. ரஸ்ஸல் அதையும் சோதித்து, பயனில்லை என்று கண்டார்.

இவ்விடத்தில் என் பேனா நின்றுவிட்டது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது கதிரறுக்கப் போன சித்தப்பாவை விரியன் கடித்தது. பக்கத்து ஊருக்கு ஓடி மாத்திரை வாங்கி வந்தவன் நான். மாலைவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். மருந்து வேலை செய்கிறது என்றே நம்பினோம். இரவில் ஈறுகளில் இரத்தம் கசிந்தது, சிறுநீர் சிவந்தது. ஆஸ்பத்திரியில் அவர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துச் சாய்த்தார்கள். தண்ணீர்போல் ஓடியது. நஞ்சுமுறி மருந்து ஏற்றியும் மூன்றாம் நாள் போய்விட்டார்.

விரியன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது உறைதலைத் தூண்டிவிடுகிறது. ஐந்தாம், பத்தாம் உறைதல் காரணிகளைக் கிளப்பிவிட, நாளங்களில் நுண்கட்டிகள் தோன்றி ஃபைப்ரினோஜன் செலவழிந்து போகிறது. பிறகு உறைய ஒன்றும் மிச்சமில்லை. ரஸ்ஸல் காலத்தில் இதை எவரும் அறியார். 1934-இல் மாக்ஃபர்லேன், பார்னெட் என்ற இருவர் லண்டனில் அதே நஞ்சை நீர்த்து, ஹீமோஃபிலியா நோயாளிகளின் இரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுத்தினார்கள்.

1789-இல் ரஸ்ஸல் தாயகம் திரும்பினார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவரது வண்ணப்பட நூல் 1796-இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஷா என்ற அறிஞர் விரியனுக்கு அவர் பெயரைச் சூட்டினார். 1805-இல் லண்டனில் காலமானார்.

இவற்றையெல்லாம் சென்ற விடுமுறையில் சித்தியிடம் சொன்னேன். மாத்திரை வாங்கப் போன நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமா என்று மட்டும் கேட்டார்.