நண்பர் விட்டுச்சென்ற கருவி
மாணவர்களே, நான் ஹென்றி கேவண்டிஷ். 1731இல் பிறந்த ஆங்கிலேய அறிவியலாளன். மனிதர்களிடம் பேசவே கூச்சப்படுவேன்.

எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஒன்றின் பொருண்மை இருமடங்கானால் ஈர்ப்பும் இருமடங்காகும். தூரம் இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது நியூட்டன் கண்ட விதி.

சிறிய பொருள்களின் மெல்லிய ஈர்ப்பைக்கொண்டு பூமியின் அடர்த்தியை அறிய, நண்பர் ஜான் மிட்சல் ஒரு கருவி செய்தார். சோதிக்கும் முன்பே 1793இல் இறந்துவிட்டார். அதைத் திருத்தியமைத்து 1797இல் சோதனையைத் தொடங்கினேன்.

கம்பியில் தொங்கிய சிறு குண்டுகளின் அருகே, தலா 158 கிலோ எடையுள்ள ஈயக் குண்டுகளை வைத்தேன். என் உடல் வெப்பம்கூடக் காற்றை அசைத்துவிடும். அதனால் அறைக்கு வெளியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். சிறு குண்டுகள் மெல்ல நகர்ந்தன!

பூமி தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தரை மடங்கு அடர்த்தியானது எனக் கண்டேன். 1798இல் வெளிவந்த என் கட்டுரையை மிட்சலின் பெயரோடுதான் தொடங்கினேன்.