பெங் தெஹுவாய்

சீன தேசத்து ஹுனான் மாகாணத்திலே சியாங்தான் என்னும் மாவட்டம் ஒன்றுளது. மா ஓ சே துங் பிறந்தது அம்மாவட்டத்திலேயே. அவருக்கு ஏறக்குறைய ஐந்தாண்டு இளையவராய், 1898 ஆம் ஆண்டில், அதே மாவட்டத்து ஏழைக் குடியானவர் இல்லமொன்றிற் பிறந்தவர் பெங் தெஹுவாய். தம் தலைவருக்கு எழுதிய ஒரு கடிதத்தின் பொருட்டு அனைத்தையும் இழந்த இவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பெங் சிறுவராயிருக்கும்போதே அன்னையார் இறந்தார்; தந்தையார் நோயுற்றார். ஒரு புத்தாண்டு நாளில் வீட்டில் அரிசி இல்லை. பெங் தம் தம்பியுடன் பிச்சைக்குச் சென்றார். மறுநாளும் செல்லுமாறு கூறியபோது மறுத்துவிட்டு, மலைக்குச் சென்று விறகு வெட்டி விற்கத் தலைப்பட்டார். அன்று முதிய பாட்டியாரே இளைய பேரரை அழைத்துக்கொண்டு பனியிற் பிச்சைக்குப் புறப்பட்டார். அக்காட்சியைப் பெங் தம் முதுமையிலும் மறந்திலர்.

நிலக்கரிச் சுரங்கக் கூலியாகவும் பின்னர்ப் படைவீரராகவும் இருந்து, 1928 இற் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே பிங்ஜியாங் எழுச்சியை நடத்தித் தம் படையுடன் மா ஓவைச் சார்ந்தார். நெடும்பயணத்திலும் யப்பானியருடன் நிகழ்ந்த போரிலும் அவர் ஆற்றிய வீரச் செயல்களை விரிப்பின் பெருகும். கொரியப் போரிலே சீனச் சேனைக்குத் தலைமை தாங்கினார். மா ஓவின் மூத்த மைந்தர் 1950 இல் விமானக் குண்டுக்கு இரையானது பெங்கின் தலைமைப் பாசறையிலேயேயாம். 1954 இற் பாதுகாப்பு மந்திரியானார். மறுவருடம் மார்ஷல் பட்டம் பெற்றார்.

அவரைக் குற்றமற்றவராக யாம் காட்டப் புகவில்லை. 1958 இல் உடன் தளபதியர் சிலர் படைத்துறைக் கூட்டங்களிற் கண்டிக்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டபோது அதற்கு முன்னின்றவருள் இவரும் ஒருவர்.

அவ்வாண்டிலேதான் பெரும் பாய்ச்சல் தொடங்கிற்று. குடியானவர் கொல்லைப்புற உலைகளில் உருக்குக் காய்ச்ச ஏவப்பட்டனர். விளைந்த பயிர் அறுப்பாரின்றி வயலிற் கிடந்தது. அதிகாரிகளோ விளைச்சலைப் பன்மடங்கு பெருக்கிக் கணக்கெழுதினர். அக்கணக்கை நம்பி அரசு தானியத்தைக் கொண்டுசென்றது. பெங் தம் சொந்த மாவட்டத்துக்குச் சென்று இவற்றை நேரிற் கண்டார். ஒருகாற் பசியாற் பிச்சையெடுத்தவருக்குப் பிறர் சொல்லி விளங்கவேண்டியிருக்கவில்லை.

1959 யூலை மாதம் லூஷான் மலையிலே கட்சித் தலைவர்கள் கூடினர். 14 ஆம் திகதி பெங் மா ஓவுக்குத் தனிக் கடிதம் ஒன்று வரைந்தார். பெரும் பாய்ச்சலின் நற்பேறுகளை முதலிற் கூறியபின்பே, மிகைக் கூற்றையும் அவசரத்தையும் அது குறை கூறிற்று. மா ஓ அக்கடிதத்தை அச்சிடுவித்துக் கூட்டத்தார் அனைவர்க்கும் வழங்கினார். 23 ஆந் திகதி அதனைக் கட்சிக்கு எதிரான தாக்குதலென இடித்துரைத்தார். பெங்கின் பதவி லின் பியாவோவுக்குப் போயிற்று. குறை கூற இனி எவரும் துணிந்திலர். பஞ்சம் 1961 வரை நீண்டது. மாண்டோர் தொகையை ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை அறிஞர் கணிப்பர்.

பெங் மார்ஷல் உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பீக்கிங் நகர்ப்புறத்து வீடொன்றிற் குடியேறினார். அங்கே சிறுதுண்டு நிலத்திற் கோதுமை விதைத்து, உரமிட்டுப் பேணி, விளைந்ததை நிறுத்துப் பார்த்தார். ஒரு நிலம் மெய்யாகவே எவ்வளவு தரும் என்பதை அறிய அவர் விரும்பினார். நாம் அவரது போர் வெற்றிகளினும் மேலாக மதிப்பது இச்செயலையே.

1962 இல் நீண்டதொரு முறையீடு எழுதினார்; பயனில்லை. 1965 இல் மா ஓ அவரை அழைத்துப் பேசி, செங்டு நகருக்கு வேலைக்கு அனுப்பினார். மறுவருடம் டிசெம்பரிற் செங்காவலர் அவரைப் பிடித்துப் பீக்கிங்குக்குக் கொணர்ந்தனர். அடியுண்டார்; விலா எலும்புகள் முறிந்தன. விசாரணையாளர் எழுதப் பணித்த வாக்குமூலங்களிலே தம் இளமை வறுமை முதல் யாவற்றையும் எழுதினார். அவையே 1981 இல் அவரது நினைவுக் குறிப்புகளாக வெளிவந்தன.

1974 நவம்பர் 29 ஆந் திகதி புற்றுநோயால், காவலிலேயே இறந்தார். வேறொருவர் பெயரில் உடல் எரியூட்டப்பட்டது. சாம்பலும் அப்பொய்ப் பெயருடனேயே செங்டுவுக்கு அனுப்பப்பட்டது. மா ஓ மறைந்து ஈராண்டின் பின், 1978 டிசெம்பரில், கட்சி அவர்மீதிருந்த பழியை நீக்கிப் பீக்கிங்கில் அஞ்சலிக் கூட்டம் நடத்திற்று.