குருத்தெலும்பு தேய்ந்தால் ஏன் ஆறுவதில்லை? 25 வயதில் விடை தேடிய வில்லியம் ஹன்டர்

கை அறுபட்டால் ஒரு வாரத்தில் ஆறிடும். எலும்பு முறிந்தால்கூட கூடிடும். ஆனா உங்க முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால், அவ்ளோதான். ஏன் இப்படி? இந்தக் கேள்வியோடு மூட்டுகளை அறுத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஹன்டர்.

1718-ல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்காகத்தான் கல்லூரிக்குப் போனார். பாதியில் மனம் மாறி, வில்லியம் கல்லன் என்ற டாக்டரிடம் தொழில் கற்கச் சேர்ந்துவிட்டார். (இன்ஜினியரிங் படிச்சுட்டு வேற வேலைக்குப் போனவர்களுக்கு இது புதுசில்லை.) பிறகு லண்டன்.

1743-ல், 25 வயதில், ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை தந்தார். மூட்டுக் குருத்தெலும்பில் வெல்வெட் துணியின் இழைகள் மாதிரி நார்கள் எலும்பின் மேல் செங்குத்தாக நிற்கின்றன என்றார். ரத்தக்குழாய்கள் மூட்டின் ஓரத்தில் வளையம் போல நின்றுவிடுவதையும் விவரித்தார். அழிந்த குருத்தெலும்பு மீளாது என்பது ஹிப்பாகிரட்டீஸ் காலத்திலிருந்தே தெரிந்ததுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதன் அமைப்பை இவ்வளவு நெருங்கிப் பார்த்ததுதான் அவர் செய்த வேலை.

அந்த ஓரத்து வளையத்தில்தான் விஷயம் இருக்கு. உள்ளே ரத்தம் போகாது, நரம்பும் இல்லை. அதனால் ஆற்றுவதற்கு ஆள் வராது, தேய ஆரம்பித்தாலும் உங்களுக்கு வலிக்காது. எடையில் 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். நீங்க காலை ஊன்றும்போது அது கசிந்து, எடுக்கும்போது திரும்ப ஊறும். மூட்டுத் திரவத்திலிருந்து சத்து உள்ளே போவதும் இந்த அசைவால்தான். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹன்டர் 1746-ல் உடற்கூறு வகுப்புகள் தொடங்கினார். 1762-ல் ராணி சார்லட்டின் பிரசவத்தைக் கவனிக்கும் மருத்துவரானார். 1774-ல் கர்ப்பப்பை பற்றிய அவரது பெரிய படநூல் வந்தது. கர்ப்பமாக இறந்த பெண்களின் உடல்களைப் பார்த்து வரைந்த படங்கள் அவை. அந்தப் பெண்களின் பெயர் நூலில் இல்லை. அன்றைய லண்டனில் உடற்கூறு பள்ளிகளுக்குக் கல்லறைகளிலிருந்து உடல்கள் திருடப்பட்டன என்பதையும் சேர்த்தே அவர் புகழைப் படிக்கணும்.

தன்னிடமே தொழில் கற்ற தம்பி ஜான் ஹன்டரோடு, நஞ்சுக்கொடி ஆய்வின் பெருமை யாருக்கு என்று 1780-ல் சண்டை. மூன்று வருடத்தில், 64 வயதில் இறந்தார். அவர் சேர்த்த பொருட்கள் கிளாஸ்கோவில் அருங்காட்சியகமாக இருக்கின்றன.

அவர் கட்டுரைக்கு 251 வருடம் கழித்து, 1994-ல், ஸ்வீடன் மருத்துவர்கள் 23 பேரின் முழங்காலில் அவரவர் குருத்தெலும்பு செல்களையே ஆய்வகத்தில் வளர்த்து வைத்துப் பார்த்ததாக அறிவித்தார்கள்.